கேலியும் தன்மதிப்பும்

பகற்பொழுதில் பொந்தை விட்டு வெளியே வந்துவிட்ட ஆந்தையைக் காக்கைகள் என்ன பாடு படுத்தும் என்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். முதலில் ஒரு காக்கை கரையும். மறுகணம் நாலாபுறத்திலிருந்தும் காக்கைகள் வந்து கூடிவிடும். ஆந்தை கிளைக்குக் கிளை தாவும். அங்கும் அவை விடமாட்டா. அருகிற் சென்று கொத்தத் துணிந்தவை இரண்டோ மூன்றோதாம். ஏனையவை கூச்சலிடுவதோடு சரி. எனினும் ஆந்தைக்கு அந்தக் கூச்சலும் ஒரு கொத்துத்தான்.

விலங்கியல் பயிலும் எனக்கு இது பாடத்தில் வரும் செய்தி. பறவைகள் ஒன்றுகூடித் தம் பகையை விரட்டும் இவ்வழக்கத்தைப் பற்றி ஆஸ்திரிய அறிஞர் கான்ராட் லாரன்ஸ் எழுதியிருக்கிறார். 1969ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர் பீட்டர் பால் ஹைனமன், பிள்ளைகள் பலர் கூடி ஒரு பிள்ளையை வருத்துவதைப் பற்றி எழுதப் புகுந்தார். அதனைக் குறிக்க, லாரன்ஸ் பறவைகளுக்கு வழங்கிய சொல்லையே எடுத்தாண்டார். பள்ளிப் பிள்ளைகளின் கேலியைப் பற்றிய ஆராய்ச்சி அந்நாடுகளில் இவ்வாறு ஒரு பறவைச் சொல்லோடு தொடங்கிற்று.

ஆனால் ஆந்தைக்கும் பிள்ளைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. பொழுது சாய்ந்ததும் ஆந்தை வேட்டைக்குப் புறப்பட்டுவிடும். ‘நான் தாழ்ந்த பறவையோ?’ என்று அது எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. பிள்ளையோ இரவில் படுத்த பிறகும் அந்தக் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பதின்மூன்று வயதில் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவருள் நானும் ஒருவன்.

என் தந்தையார் சித்தூரில் மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தபோது நாங்கள் வேலூரிலிருந்து குடிபெயர்ந்தோம். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே சென்னை மாகாணத்து ஊர்கள். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எல்லைத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது, சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. இந்த வரலாறெல்லாம் எனக்கு அன்று தெரியாது. எட்டாம் வகுப்பில் தெலுங்குப் பாடத்தை உரக்கப் படிக்கச் சொன்னார்கள் என்பது மட்டும் தெரியும்.

தமிழில் ‘க’ என்னும் ஓரெழுத்து நிற்கும் இடத்தில் தெலுங்கில் நான்கு எழுத்துகள் உள்ளன. மூச்சைக் கூட்டியும் குறைத்தும் நான்கையும் வேறுபடுத்தி ஒலிக்க என் நா பழகியிருக்கவில்லை. நான் படித்தேன்; வகுப்புச் சிரித்தது. அன்று முதல் எனக்கு ‘அரவம்’ என்று பெயர். தெலுங்கர் தமிழைக் குறிக்க வழங்கும் பழைய சொல் அது; சொல்லில் குற்றமில்லை. அதை நாள்தோறும் நீட்டி முழக்கி, நான் எழுந்தால் ஒருமுறை, அமர்ந்தால் ஒருமுறை சொன்ன முறையில்தான் குற்றம் இருந்தது. “தமிழில் அரவம் என்றால் பாம்பு. பாம்பென்றால் படையும் நடுங்கும், போடா” என்று அம்மா ஆறுதல் சொன்னார். படை நடுங்கவில்லை. விடுமுறைக்கு வேலூர் சென்றாலோ, என் பேச்சில் ஏறிவிட்ட தெலுங்குச் சொற்களைக் கேட்டுவிட்டு, ஒன்றுவிட்ட அண்ணன்மார் என்னைக் ‘கொல்டி’ என்று அழைத்தார்கள்.

கணக்கு வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்குவதை நிறுத்திக்கொண்டேன். ஆண்டு இறுதியில் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கேட்டார்கள். ‘எனக்குப் பேச வராது’ என்று நானே ஆசிரியரிடம் சொன்னேன். வேலூர்ப் பள்ளியில் இரண்டு முறை பேச்சுக்குப் பரிசு வாங்கியவன் நான். பொய் சொல்கிறேன் என்ற எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை. உண்மையாகவே அப்படி நம்பினேன். பிறர் வாயிலிருந்து வந்த சொல், ஓராண்டுக்குள் எவ்வாறு என் சொந்தக் கருத்தாயிற்று? இக்கட்டுரை அந்த வினாவுக்கு உள நூலார் தரும் விடையைச் சொல்ல முயல்கிறது.

கேலி எது, கொடுமை எது?

நண்பர்களிடையே கேலி இல்லாமல் இராது. விடுதி உணவுக்கூடத்தில் கேலி பேசாதவன் நோயாளியாக இருக்க வேண்டும். ஆகவே முதலில் எல்லையை வரையறுத்துக்கொள்வது நல்லது.

நார்வே நாட்டில் பணியாற்றிய டான் ஓல்வேயஸ் என்னும் உள நூலார் 1970களிலிருந்து இதனை ஆராய்ந்தார். அவர் கூறும் அடையாளங்கள் மூன்று. முதலாவது, வருத்த வேண்டும் என்னும் நோக்கம் இருத்தல். இரண்டாவது, ஒரு முறையோடு நில்லாமல் மீண்டும் மீண்டும் நிகழ்தல். மூன்றாவது, இருவருக்கும் வலிமை ஒத்திராமை. உடல் வலிமை மட்டுமன்று. எண்ணிக்கை, வகுப்பில் செல்வாக்கு, மொழி, சாதி, பணம், மூத்த மாணவன் என்னும் நிலை ஆகிய எதுவும் இங்கே வலிமைதான். இம்மூன்றும் கூடினால் அது நட்புக் கேலி ஆகாது. அதனை இக்கட்டுரையில் ‘கொடுங்கேலி’ என்று வழங்குவேன்.

இந்த வரையறையைக் கொண்டு நம் வழக்கங்களை எளிதில் எடைபோடலாம். நான் உங்களைக் கேலி செய்கிறேன். நீங்கள் என்னைத் திருப்பிக் கேலி செய்ய இயலுமானால் அது விளையாட்டு. இயலாதென்றால் அது வேறு.

1982ஆம் ஆண்டின் இறுதியில் வட நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். உடன் பயின்றோர் செய்த கொடுமையே காரணமாக இருக்கலாம் என்று செய்தி பரவிற்று. மறு ஆண்டே அந்நாட்டு அரசு பள்ளிகள்தோறும் இதற்கெதிராக ஓர் இயக்கம் நடத்த முற்பட்டது; அப்பணியில் ஓல்வேயசின் ஆராய்ச்சி துணை நின்றது. இன்று எந்த நாடும் இதற்கு விலக்கன்று. யுனெஸ்கோ நிறுவனம் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, உலக மாணவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர், முந்தைய ஒரு மாதத்துக்குள் ஒரு முறையேனும் சக மாணவரால் இவ்வாறு வருத்தப்பட்டிருந்தனர்.

தன்மதிப்பு என்பது யாது?

‘என்னை நான் எவ்வளவு மதிக்கிறேன்?’ என்னும் வினாவுக்கு ஒருவன் தன் உள்ளத்துக்குள் சொல்லிக்கொள்ளும் விடையே தன்மதிப்பு. செருக்கு வேறு, இது வேறு. செருக்குடையவன் ‘நான் பிறரினும் மேலானவன்’ என்பான். தன்மதிப்புடையவனோ ‘நான் போதுமானவன், பயனுள்ளவன்’ என்ற அளவில் நின்றுவிடுவான். அமெரிக்க அறிஞர் மாரிஸ் ரோசன்பர்க் 1965இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஐயாயிரம் பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, பத்தே வாக்கியங்களைக் கொண்ட ஓர் அளவுகோலை அவர் அமைத்தார். உளவியல் துறையில் அது இன்றும் பயன்பட்டு வருகிறது.

ஆனால் உள்ளத்துக்குள் சொல்லிக்கொள்ளும் அந்த விடை எங்கிருந்து வருகிறது? அறிஞர் இருவர் கூறியவை இங்கு நமக்கு உதவும்.

1890இல் வில்லியம் ஜேம்ஸ் இதை ஒரு பின்னமாக எழுதிக் காட்டினார். மேலே வெற்றி; கீழே நாம் நம்மிடம் எதிர்பார்ப்பது. வகுத்து வருவது தன்மதிப்பு. வெற்றியைப் பெருக்கினால் ஈவு உயரும். எதிர்பார்ப்பைச் சுருக்கினாலும் உயரும். கேலிக்கு ஆளான பிள்ளைகள் தமக்குத் தெரியாமலே செய்வது இந்த இரண்டாம் கணக்கைத்தான். பாட்டு வேண்டாம், பேச்சு வேண்டாம், பந்தாட்டம் வேண்டாம், கடைசிப் பெஞ்சு போதும் என்று ஒவ்வொன்றாகக் கைவிடுகிறார்கள். வலி சற்றுக் குறைகிறது. வாழ்க்கையும் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. ‘எனக்குப் பேச வராது’ என்று நான் சொன்னது இந்தக் கணக்கே என்பதைப் பத்தாண்டுகளுக்குப் பின் நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் அறிந்தேன்.

1902இல் சார்லஸ் கூலி வேறொன்று சொன்னார். நம் முகத்தை நாம் நேரே காண இயலாது, கண்ணாடியில்தான் காண்கிறோம். அதுபோலவே, நாம் எத்தகையவர் என்பதைப் பிறர் நம்மைப் பார்க்கும் பார்வையிலிருந்து அறிகிறோம். பிறர் கண்களே நம் கண்ணாடி. கண்ணாடி கோணலாயின் முகமும் கோணலாகத் தெரியும். முகத்தில் குற்றமா, கண்ணாடியில் குற்றமா என்று ஆராய்ந்து பார்க்கும் அறிவு பதின்மூன்று வயதில் வாய்ப்பதரிது.

தமிழருக்கு இக்கருத்துப் புதிதன்று. வள்ளுவர் மானத்துக்கென்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். 1920களில் தமிழகத்தில் ஓர் இயக்கம் ‘சுயமரியாதை’ என்பதைத் தன் பெயராகவே கொண்டது. அதற்குச் சற்று முன்னர்ச் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவருக்கும் ஏனையோருக்கும் தனித்தனிப் பந்தி வைத்தது நாடெங்கும் பெரும் பூசலாக மூண்டது. பந்தி பிரித்து அமர்த்தப்பட்ட சிறுவனிடம் ‘நீ உன்னை மதித்துக்கொள்’ என்று சொன்னால் போதாது, பந்தியை ஒன்றாக்க வேண்டும் என்று எதிர்த்தோர் வாதிட்டனர். தன்மதிப்பு ஒருவன் உள்ளத்தில் இருப்பினும், அது விளையும் நிலம் அவனைச் சூழ்ந்தோர் நடுவில் இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஏன் இந்த வயதில்?

பத்து முதல் பத்தொன்பது வரையுள்ள வயதை உலகச் சுகாதார நிறுவனம் வளரிளம் பருவம் என்று கொள்கிறது. சிறு குழந்தைக்குத் தாயின் முகமே கண்ணாடி. வளரிளம் பருவத்தில் அந்தக் கண்ணாடி கைமாறுகிறது. அம்மா ‘என் பிள்ளை தங்கம்’ என்பாள். ‘அம்மா அப்படித்தான் சொல்வாள்’ என்று பிள்ளை தள்ளிவிடுவான். ஒத்த வயதினர் சொல்வதே அவனுக்குத் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு ஆழமாகத் தைக்கும் என்பதற்கு 2003இல் வெளிவந்த ஒரு சோதனையைச் சொல்லலாம். நவோமி ஐசன்பர்கரும் அவருடைய துணைவரும் சிலரைக் கணிப்பொறியில் ஒரு பந்து விளையாட்டு ஆடச் செய்தனர். ஆடுபவர் மூவர் போலத் தோன்றும். உண்மையில் மற்ற இருவரும் கணிப்பொறியின் படைப்பே. சிறிது நேரம் பந்து மூவரிடமும் வரும். பிறகு அவ்விருவரும் தமக்குள்ளேயே எறிந்துகொள்வர். மூன்றாமவருக்குப் பந்து வராது. அப்போது அவருடைய மூளையைப் படம் பிடித்துப் பார்த்தனர். உடல் வலியின் வேதனையோடு தொடர்புடையதென அறியப்பட்ட ஒரு பகுதி அங்கும் கிளர்ச்சியுற்றது. அடியில்லை, வசவில்லை, பந்து வரவில்லை, அவ்வளவே. அதுவும் முன்பின் அறியாதவரிடமிருந்து! ஆண்டு முழுதும் உடனிருக்கும் வகுப்பே ஒருவனை ஒதுக்கினால் என்னாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்றும் உண்டு. 1895இல் மதனபள்ளியில் ஒரு சிறுவன் பிறந்தான். அந்நாளில் அவ்வூர் கடப்பை மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்ந்தது. மலேரியாக் காய்ச்சலால் அடிக்கடி நலிந்த பிள்ளை. பத்து வயதில் தாயை இழந்தான். கனவில் இருப்பவன் போல எதையோ பார்த்துக்கொண்டிருப்பான். பாடம் மனத்தில் ஏறாது. மந்த புத்தி என்று முத்திரை குத்தி ஆசிரியர்கள் அடித்தனர். அந்தப் பிள்ளைதான் பின்னர் உலகெங்கும் சென்று உரையாற்றிய ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி. மதனபள்ளிக்கு அருகே அவர் தோற்றுவித்த ரிஷிவேலிப் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளையோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது அவனை அழிப்பதாகும் என்பதை அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தினார்.

இக்கதையைக் கேட்டுத் ‘துன்பம்தான் மனிதனைப் பெரியவனாக்கும்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கிருஷ்ணமூர்த்திக்கு 1909க்குப் பின் அடையாற்றில் வேறு கண்ணாடி கிடைத்தது. அது கிடைக்காமற் போன பிள்ளைகளின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை.

விதை முந்தியா, மரம் முந்தியா?

இங்கு ஓர் ஐயம் எழும். கேலியால் தன்மதிப்புக் குறைகிறதா? அல்லது தன்மதிப்புக் குறைந்தவனைப் பார்த்துத்தான் கேலி செய்கிறார்களா? ஒரே நாளில் வினாத்தாள் கொடுத்து இதை அறிய முடியாது. அதே மாணவரை ஓராண்டு, ஈராண்டு கழித்து மீண்டும் வினவ வேண்டும். அவ்வாறு செய்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து நெதர்லாந்து அறிஞர் சிலரும் பிறரும் 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இரண்டும் உண்மை என்பது அவர்கள் கண்ட முடிவு. கேலி தன்மதிப்பைக் குறைக்கிறது. குறைந்த தன்மதிப்பு மேலும் கேலியை வரவழைக்கிறது.

இது எப்படி நிகழ்கிறது? குனிந்த தலை, தாழ்ந்த குரல், ஒதுங்கிய நடை ஆகியவற்றைக் கண்டவுடனே ‘இவன் திருப்பிக் கேட்கமாட்டான்’ என்று வம்பன் தெரிந்துகொள்கிறான். செக்கு மாடு சுற்றுவதுபோல் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வருகின்றன. ‘அவன் கொஞ்சம் துணிச்சலாக இருந்தால் யார் கேலி செய்வார்கள்?’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவனிடமிருந்து நாம் பறித்துக்கொண்ட பொருளையே மருந்தாக உண்ணச் சொல்வதாகும் அது.

சுழற்சியின் அச்சு எங்கே இருக்கிறது என்பதை 1998இல் அமெரிக்க உள நூலார் சாண்ட்ரா கிரேகாம், யானா யுவோனென் ஆகிய இருவர் காட்டினர். வருத்தப்பட்ட பிள்ளை ‘ஏன் எனக்கு இது நேர்ந்தது?’ என்று தன்னைக் கேட்டுக்கொள்கிறான். ‘அன்று அந்த இடத்துக்குப் போனது தவறு’ என்று விடை கண்டால் கேடு சிறிது. நாளை வேறு வழியாகப் போகலாம். ‘நான் இப்படிப்பட்டவன், அதனால்தான்’ என்று விடை கண்டால் கேடு பெரிது. தன் இயல்பை விட்டு எங்கே போவது?

அவர்களே வேறு சிலரோடு சேர்ந்து 2006இல் கண்ட மற்றொன்று, நம்மைப் போன்ற எல்லைப்புறத்தாருக்கு மிகவும் வேண்டியது. பல இனத்து மாணவரும் கலந்து, எந்த ஓர் இனமும் மேலோங்கி நிற்காத வகுப்புகளில் பிள்ளைகள் அச்சமும் தனிமையும் குறைந்திருந்தனர், தன்மதிப்பு உயர்ந்திருந்தது. நூறு பேர் நடுவே ஒரே ஒரு ‘அரவ’ப் பையனாக இருப்பவன், ‘என்னிடம்தான் கோளாறு’ என்று எண்ணுவது எளிது. இருபது பேர் இருந்தால், கோளாறு சிரிப்பவனிடம் உள்ளது என்பது விளங்கிவிடும். பிற மண்ணில் வாழ்வோர் சங்கம் கூட்டுவதற்கு இதைவிடச் சிறந்த காரணம் எனக்குத் தெரியவில்லை.

வம்பனும் வேடிக்கை பார்ப்பவனும்

கேலி செய்பவன் உள்ளூரத் தாழ்வு மனப்பான்மை கொண்டவன் என்று பொதுவாகச் சொல்வது வழக்கம். ஆராய்ச்சிகள் இதை அவ்வளவாக உறுதி செய்யவில்லை. வருந்துவோனுக்கும் குறைந்த தன்மதிப்புக்கும் உள்ள தொடர்பு தெளிவானது. வருத்துவோனுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது. ஓல்வேயஸ் கண்ட வம்பர்களுள் பலர் தம்மைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டவர்களே. அவர்கள் வேண்டுவது கூட்டத்தின் பார்வை. பார்க்க ஆள் இருக்கும் இடத்தில்தான் கூத்து நடக்கும்.

பின்லாந்து அறிஞர் கிறிஸ்டினா சல்மிவல்லி 1996இல் அந்தக் கூட்டத்தையே ஆராய்ந்தார். வம்பன், அவனுக்குக் கைகொடுப்பவன், சிரித்து ஊக்குபவன், ஒதுங்கி நிற்பவன், வருந்துவோனைக் காப்பவன் என்று வகுப்பில் பெரும்பாலோருக்கும் ஒரு வேடம் இருப்பதைக் கண்டார். இதை அடிப்படையாகக் கொண்டு அந்நாட்டில் அமைத்த பள்ளித் திட்டம், வேடிக்கை பார்ப்போரைத் திருத்துவதையே முதன்மையாகக் கொண்டது. கனடாவின் தொடக்கப் பள்ளி முற்றங்களைப் படம் பிடித்து ஆராய்ந்தவர்கள் 2001இல் எழுதிய கணக்கு இதை மேலும் விளக்கும். நூற்றுக்கு 88 நிகழ்ச்சிகளில் பிற பிள்ளைகள் உடனிருந்தனர். 19இல்தான் எவரேனும் குறுக்கிட்டனர். குறுக்கிட்ட போதோ, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்து நொடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. பத்து நொடி!

இவ்விடத்தில் என் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது புதிய மாணவன் ஒருவன் சேர்ந்தான். தெலுங்குப் பையன். பேசும்போது திக்கும். முதல் வாரத்திலேயே அவனுக்கும் பெயர் வைத்தார்கள். அவன் வாய் திறந்தால் அவனைப் போலவே திக்கிக் காட்டினார்கள். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஒருநாள் என்னைச் செய்துகாட்டச் சொன்னார்கள், செய்தேன். நன்றாகச் செய்ததாகப் பாராட்டினார்கள். அன்று முழுதும் யாரும் என்னை அரவம் என்று அழைக்கவில்லை. அந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. மாலையில் மிதிவண்டி நிறுத்தும் இடத்தில் அவன் என்னிடம் வந்தான். திக்காமல் கேட்டான்: “நுவ்வு கூடா நவ்வாவா?” நீயுமா சிரித்தாய் என்று.

என்னை வருத்தியவர்களை அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டது என்னைத்தான். என்னிடம் வேறு கண்ணாடி இருக்கும் என்று அவன் நம்பியிருந்தான். நான் விடை சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

பல்கலைக்கழக வாயிலில்

பள்ளியோடு இது முடிந்துவிடுவதில்லை. கல்லூரியில் இதற்கு ‘ராகிங்’ என்று பெயர். மரபு என்றும் நட்பு என்றும் அதற்குப் பொன் முலாம் பூசுவதுண்டு. அதன் முடிவு எங்கே செல்லும் என்பதை 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன். நாவரசுவின் கொலை நமக்குக் காட்டிற்று. அதன் விளைவாகத் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 1997இல் இலங்கைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் வரப்பிரகாஷ் மூத்தோர் கொடுமையால் உயிரிழந்தார். மறு ஆண்டு அங்கும் சட்டம் பிறந்தது. ஆந்திரத்தின் தடைச் சட்டமும் 1997ஆம் ஆண்டினதே. கேலி செய்து ஒருவரை நாணப்படுத்தினாலே ஆறு மாதம் வரை சிறை விதிக்க அதில் இடமுண்டு. உச்ச நீதிமன்றம் ஏற்பாடு செய்த இராகவன் குழு 2007இல் அறிக்கை தந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளை வகுத்தது. 1800-180-5522 என்னும் கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் முறையிடலாம். புதிய மாணவர் ஒவ்வொருவரும் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் கையைத் தடுக்கும். சிரிப்பைத் தடுக்க அதற்கு இயலாது. அது நம் பொறுப்பு.

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் வரவேற்புக் கூட்டத்தில் நடந்ததை உங்களுள் சிலர் மறந்திருக்கலாம். எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மாணவி ஒருவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். தமிழெழுத்தை வீட்டில் கற்றவர். பள்ளியில் பயின்றது தெலுங்கு. பேச்சிடையே இரண்டு தெலுங்குச் சொற்கள் புகுந்தன. ஓரிடத்தில் ழகரம் தவறிற்று. தமிழ்ச் சங்கம் சிரித்தது. அவர் பாதியிலேயே அமர்ந்துவிட்டார். பின்னர் ஒரு கூட்டத்திலும் அவரை நான் காணவில்லை. என் எட்டாம் வகுப்பில் நடந்ததே இங்கும் நடந்தது. அங்கே நான்கு ககரம், இங்கே ஒரு ழகரம். அன்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் என் மொழி அறியாதவர்கள். இங்கே சிரித்தவர்கள், அந்தப் பெண் தம் மொழியினர் என்று நம்பித் தேடி வந்தவர்கள். நான் அன்று சிரிக்கவில்லை. எழுந்து நிற்கவும் இல்லை. சல்மிவல்லியின் பட்டியலில் எனக்குரிய இடம் ‘ஒதுங்கி நிற்பவன்’ என்பதே.

புதிய மாணவர் வந்து சேரும் நாள் தொலைவில் இல்லை. அவர்களுட் பலருக்கு வயது பதினேழு, பதினெட்டு. வளரிளம் பருவத்தின் கடைசிப் படியில் நிற்பவர்கள். அவர்களுக்காக நான் கேட்பவை சிலவே. சிரிப்பு எழும்போது நாம் சேராமல் இருப்போம். சிரிப்பார் இல்லையேல் வம்பனுக்கு அரங்கு இல்லை. அருகில் இருப்பவர் ஒருவரேனும் ‘போதும், விடு’ என்று சொல்வோம். பத்து நொடி போதும். அவமானப்பட்டவரைக் கூட்டம் கலைந்த பின் தேடிச் சென்று, ‘உன்மேல் குற்றமில்லை’ என்று வாயால் சொல்வோம். இந்த ஒரு சொல்லை அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ள இயலாது என்பதையே மேலே கண்ட ஆராய்ச்சிகள் எல்லாம் காட்டுகின்றன.

அந்த மாணவியின் துறையை விசாரித்து அறிந்துகொண்டேன். அடுத்த கூட்டத்துக்கு அவரை நேரில் சென்று அழைப்பதென்று இருக்கிறேன். அவர் வந்தால், சென்ற முறை பாதியில் நின்றதை அவர் முடிக்கும் வரை நாம் அமைதியாகக் கேட்க வேண்டும்.